மைவால்ட் வக்கீல் கொடுத்த வீடு

வைசென்ரோட என்ற ஊரின் நகரசபையில் நான் முப்பத்தெட்டு வருஷம் சேவகனாக இருந்தேன். அதில் நாலு வருஷம் நான் செத்துப்போயிருந்ததாகக் கோவில் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாலு வருஷமும் எனக்குத் தலைவலி என்று ஒன்று வந்ததில்லை. அதனால் எழுதிய பாதிரியாரை நான் குறை சொல்வதில்லை.

டோபியாஸ் சொல்வதை எவன் நம்புவான் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் ஆறு ஊரைத் தொடாமல் வளைந்து போவது பாலத்துக்கு வரி கேட்பார்கள் என்ற பயத்தில்தான் என்று நான் சொன்னதை இன்றுவரை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. போகட்டும். மைவால்ட் வக்கீல் வீட்டு விவகாரத்தில் நான் வாயைத் திறந்து சொன்னதை ஊர் மொத்தமும் நம்பியது. நம்பாமல் இருந்திருக்கலாம்.

லெபரெக்ட் மைவால்ட் எங்கள் நகரசபைக்குச் சட்டம் சொல்லும் வக்கீல். கிணற்றடியில் யார் முதலில் வாளி விடுவது என்பதிலிருந்து, வாத்து எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதுவரை ஊர் விதிகள் அத்தனையும் அவர் கையால் எழுதியவை. காலை எட்டு மணிக்கு டோப்பாவை நேராக வைத்துக்கொண்டு சந்தைக்குள் நடந்து வந்தாரென்றால் கோஸ் விற்கிறவள் தானாகவே தராசைத் தட்டிச் சரிபார்த்துக்கொள்வாள். கை நீட்டி ஒரு முட்டை வாங்கினவர் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. மத்தியானம் மணி அடித்தால் வீட்டில் போய் மனைவி சிபில்லா கையால் சாப்பிடுவார். வெளியே சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஊரில் பையன்களுக்கு லத்தீன் பள்ளிக்கூடம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கோவில் மணியடிக்கிறவரின் பெண்சாதி ஆறு பாட்டுகளை மனப்பாடம் செய்யவைப்பாள், அவ்வளவுதான். முப்பது வருஷம் கோர்ட்டில் நின்றவர் அவர். எழுதத் தெரியாமல் பத்திரத்தின் அடியில் சிலுவைக் குறி போட்டுவிட்டு, என்ன போயிற்று என்றே தெரியாமல் வீட்டுக்குப் போன பெண்களை எண்ணிக்கையில்லாமல் பார்த்திருந்தார். ஊரில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்துவிட்டுத்தான் சாவேன் என்பார்.

வீடும் கையில் இருந்தது. பீப்பாய்க்காரர் தெருவில் சிபில்லாவின் அப்பா விட்டுப்போன பழைய வீடு. கிழவர் சாகும்போது பெரிய வீட்டை மகன் ஹார்னிஷுக்கும், தானும் பிள்ளைகள் இரண்டும் பிறந்த அந்தப் பழைய வீட்டை மகளுக்கும் எழுதி வைத்தார். அந்த ஹார்னிஷ்தான் பிற்பாடு எங்கள் மேயர் ஆனது.

பழைய வீடு என்றாலும் அதற்குக் காய்ச்சு முறை உண்டு. எங்கள் ஊரில் நாற்பத்தொரு வீடுகளுக்குத்தான் பீர் காய்ச்சும் முறை. செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்கு மறுநாள் நகரசபையில் தொப்பிக்குள் கை விட்டு, வீட்டுப் பேர் எழுதிய மர வில்லை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். யார் வீட்டுக்கு எந்த வாரம் என்று அதில் தெரிந்துவிடும். அந்த வாரம் ஊர்க் காய்ச்சுக் கொட்டகை அந்த வீட்டுக்கு. பீர் பதமானதும் வாசலில் கம்பு நட்டு வைக்கோல் பிரி கட்டுவார்கள். பிரி தொங்குகிறவரை ஊரே அந்த வீட்டு முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கும். சிபில்லா கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு நின்று காய்ச்சினவள். அவள் காய்ச்சிய பீரின் நுரைமேல் என் தொப்பியை வைத்தேன், முங்கவில்லை. அவள் அண்ணன் ஹார்னிஷ் வீட்டுப் பீர் வேறு ரகம். அதில் ஒரு மீன் பதினொரு நாள் உயிரோடு இருந்தது. நானே தினமும் ரொட்டி போட்டேன்.

இந்த முறை வீட்டின் அடுக்களையோடு ஒட்டியது. அடுக்களையில் ஒரு வருஷமும் ஒரு நாளும் அடுப்பு எரியாமல் கிடந்தால் அந்த வீட்டின் முறை செத்துப்போகும். வரிசையில் காத்திருக்கிற அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்த விதியைத் தெளிவாக எழுதிவைத்ததும் மைவால்ட் வக்கீல்தான். மாடி வீட்டு விதவை ஊர்சுலா மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் முறையை இழந்தபோது அவள் சபை வாசலில் உட்கார்ந்து அழுதாள். வக்கீல் அவளிடம், "விதின்னா எல்லாருக்கும் விதிதான் அம்மா," என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

பத்திரம் எழுதியது மிக்கேல் திருநாள் அன்றைக்கு, வக்கீல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அன்று காலைதான் அடுப்பை அணைத்துவிட்டுக் காலி செய்திருந்தார்கள். மேசையைச் சுற்றி வக்கீல், மேயர் ஹார்னிஷ், சபைக் குமாஸ்தா, மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நான். சொத்து சிபில்லாவுடையது. ஆனால் எங்கள் நாட்டில் பெண்பிள்ளை கையெழுத்து தனியாகச் செல்லாது. அவளுக்குக் காப்பாளர் என்று ஓர் ஆண் வேண்டும், அவர் சம்மதம் என்றால் அவள் சம்மதித்த மாதிரி. ஹார்னிஷ் தங்கைக்குக் காப்பாளர்.

"வீடும் அதோட காய்ச்சு முறையும் சேத்து, பிரிக்க முடியாத ஒரே தானமா குடுக்கேன்," என்று வக்கீல் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். "முறையில வர்ற பீரை வித்து வாத்தியாரம்மாவுக்குச் சம்பளம், குளிர்காலத்துக்கு வெறகு."

"பெரிய மனசு மாப்ளே உங்களுக்கு," என்றார் ஹார்னிஷ். "ஊரு உங்க பேரைச் சொல்லும்."

"பேருக்குச் செய்யல மச்சான்."

"செய்யாட்டியும் சொல்லும்லா! பலகை ஒண்ணு செதுக்கச் சொல்லிருவோம்."

சிபில்லா ப்ளம்ஸ் கேக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து வெட்டினாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"என்ன எழுத்து?"

"ஒண்ணுமில்ல தாயி. பள்ளிக்கூட விஷயம்," என்று அண்ணன்காரர் கையெழுத்துப் போட்டு, மை காய மணலைத் தூவினார். "கேக்கைக் குடு."

கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அதை நான் கவனித்தேன் என்று சொன்னால் பொய். கேக் நன்றாக இருந்தது.

வாத்தியாரம்மாவாக வந்தவள் டொரோதேயா. செத்துப்போன பாதிரியார் ஒருவரின் மகள், கல்யாணமாகாதவள். பிள்ளைகள் அவளைச் சுற்றி ஈயாக மொய்த்தன. எழுத்து, கணக்கு, தையல் எல்லாம் தெரியும். சமையல் மட்டும் தெரியாது. முதல் வாரம் வகுப்பறைக் கணப்பின்மேல் தண்ணீரை வைத்துவிட்டுப் புத்தகம் படித்துத் தண்ணீரைத் தீய்த்தாள். நான் அந்தச் சட்டியைத் தேய்த்துக் கொடுத்தேன், அதனால் தெரியும்.

இதைக் கேட்ட மேயர் சபையிலேயே எழுந்து நின்றார். "படிச்ச பொண்ணு அடுப்பூத வேண்டாம். அது புள்ளைகளைப் பாக்கட்டும். தெனமும் மத்தியானம் என் வீட்டுலருந்து சாப்பாடு போகும். டோபியாஸ் கொண்டுபோவான். அதுலயே ராத்திரிக்கும் வச்சுக்கிடட்டும்."

ஊர் உச்சி குளிர்ந்துபோயிற்று. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இதை ஒரு ஓரமாகச் சேர்த்தார். மைவால்ட் வக்கீல் எழுந்து மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து நான் மத்தியான மணி அடித்ததும் மேயர் வீட்டுப் பின்வாசலுக்குப் போவேன். வேலைக்காரி மூடிபோட்ட தூக்குச்சட்டியைக் கொடுப்பாள். பீப்பாய்க்காரர் தெருவுக்குக் கொண்டுபோவேன். அந்த நவம்பரில் மூடுபனி அடித்தது பாருங்கள், கோவில் கோபுரத்தை மூன்று நாள் காணவில்லை. நாலாம் நாள் வந்தது, ஆனால் கொஞ்சம் இடப்பக்கமாக. அப்படிப் பனியிலும் ஒரு நாள் தவறவில்லை. ஜனவரியில் சட்டியைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு வயிற்றுச் சூட்டில் கொண்டுபோனேன். வழியில் வேலிப்பக்கம் ஒதுங்கி ஒரு கரண்டி எடுத்துப் பார்ப்பேன். கெட்டுப்போயிருந்தால் வாத்தியாரம்மா உடம்புக்கு ஆகாது இல்லையா.

முதல் நாளே எனக்கு ஆச்சரியம். மேயர் மனைவி கைப்பக்குவம் ஊருக்குத் தெரியும். அவள் வைத்த சூப்பைக் குடித்த நாய் ஒன்று மறுநாளே எங்கள் புரோட்டஸ்டண்ட் ஊரைவிட்டுக் கத்தோலிக்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. இந்தச் சட்டியில் இருந்ததோ தேவாமிர்தம். வெள்ளிக்கிழமைதோறும் நான் வக்கீல் வீட்டுக்குக் காகிதக்கட்டு கொண்டுபோவேன், சிபில்லா அம்மா எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுவாள். அதே கை. அண்ணன் வீடும் தங்கை வீடும் தோட்டத்து வேலியில் முதுகுக்கு முதுகு ஒட்டியவை. வேலிக்கு மேலாக ஒரு சட்டி தாண்டுவது கஷ்டமில்லை. அண்ணன் பேருக்குத் தங்கை ஒத்தாசை செய்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் நன்றாக நடந்தது. பிப்ரவரியில் வீட்டின் முறை வந்து, கூலிக்கு ஆள் வைத்துக் காய்ச்சி, பிரி கட்டி விற்றார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த பன்றிக்கறி மேயர் வீட்டிலிருந்து வந்தது. தெருப்பக்கப் புகைபோக்கியில் தினமும் புகை வந்தது. அது பிள்ளைகள் குளிர்காய்கிற கணப்பின் புகை. வக்கீல் போகும்போது அதை நிமிர்ந்து பார்ப்பார், டோப்பாவைத் தொட்டுக்கொள்வார், போவார். அடுக்களைப் புகைபோக்கி கொல்லைப்பக்கம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மிக்கேல் திருநாளுக்கு மறுநாள் வில்லை எடுக்கக் கூடினோம். நாற்பத்தொரு வில்லைகளையும் தொப்பியில் போடப்போகிற நேரம். ஹார்னிஷ் கையைத் தூக்கினார்.

"நாப்பதுதான் போடணும். பள்ளிக்கூட வீட்டு அடுக்களையில அடுப்பெரிஞ்சு ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆச்சு. முறை செத்துப்போச்சு."

 வக்கீல் முதலில் சிரித்தார். மச்சான் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்திருப்பார். ஹார்னிஷ் சிரிக்கவில்லை. வரிசையில் அடுத்த வீடு கோட்டை வாசல் பக்கத்தில் அவர் புதிதாக வாங்கிய வீடு என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"மச்சான், நீங்கதான சாப்பாடு அனுப்புதேன்னு சொன்னீங்க?"

"அனுப்புனேன்லா. ஒரு நாள் தப்பாம."

"அதனாலதான அவ அடுப்பு மூட்டல!"

"விதியில அப்படி ஒண்ணும் எழுதலையே மாப்ளே. ஏன் எரியலன்னு கேக்கச் சொல்லி நீங்க எழுதலையே."

வெள்ளிக்கிழமை விசாரணை என்று தள்ளிவைத்தார்கள். முறை போனால் அதோடு சேர்த்துக் கொடுத்த தானப் பத்திரமும் செல்லாது. வாத்தியாரம்மா மூட்டை கட்டவேண்டும், முப்பத்திரண்டு பிள்ளைகள் மறுபடியும் மணியடிக்கிறவர் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போகவேண்டும். வக்கீல் இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

முதல் சாட்சி புகைபோக்கி துடைக்கிறவன். வசந்தகாலத்தில் துடைக்கப் போனபோது கொல்லைப்பக்கப் புகைபோக்கிக்குள் குருவிக்கூடு இருந்தது, அதில் முட்டையும் இருந்தது என்றான். இரண்டாவது டொரோதேயா. பாதிரியார் மகளுக்குப் பொய் வரவில்லை. "நான் ஒரு நாளும் சமைக்கல. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று அழுதாள். மூன்றாவது நான்.

மூன்று விரலைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். சத்தியம் வைத்துவிட்டுப் பொய் சொன்னால் விரல் கறுத்துப்போகும். என் சித்தப்பாவுக்குக் கறுத்திருந்தது. அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் என்பது வேறு விஷயம்.

வக்கீலுக்கு மீதியிருந்தது ஒரே வழிதான். தினமும் சட்டி வந்தது என்பதற்கு நான்தான் பெரிய சாட்சி. என்னைப் புளுகன் என்று நிரூபித்துவிட்டால் ஒரு நாளாவது சட்டி வராமல், ஏதோ ஒரு அடுப்பு எரிந்திருக்கலாம் என்று வாதாட இடம் கிடைக்கும். எனக்கும் அதில் சம்மதம்தான். என்னைப் புளுகன் ஆக்குவது அவ்வளவு கடினமான வேலையா என்ன.

"டோபியாஸ், மேயர் வீட்டு பீருல ஒரு மீனு பதினோரு நாள் உயிரோட இருந்துச்சுன்னு ஊர்பூரா சொன்னீரா?"

"சொன்னேன் அய்யா."

"சத்தியத்துல நிக்கீரு. உண்மையா?"

நான் விரல்களைப் பார்த்தேன். "ஒம்போது நாள்தான் அய்யா."

சபை சிரித்தது. ஹார்னிஷ் முகம் சிவந்தது. வக்கீலுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"மூடுன சட்டி. உள்ள சாப்பாடுதான் இருந்துச்சுன்னு உமக்கு எப்படித் தெரியும்? வெறுஞ்சட்டியா இருந்திருக்கலாம்லா?"

"தெனமும் ஒரு கரண்டி எடுத்துப் பாப்பேன் அய்யா."

மறுபடி சிரிப்பு. "அப்ப சொல்லும் பாப்போம். திங்கக்கிழமை என்ன?"

"பார்லிக் கஞ்சி அய்யா. காஞ்ச பேரிக்காய் போட்டது. புகைபோட்ட பன்னி எலும்பு."

"செவ்வாய்?"

"வெள்ளைக் கோஸும் கொழுப்பும்."

"முந்தாநாளு?" அவர் குரல் சற்று இறங்கியது போலிருந்தது.

"பட்டாணி. பன்னிக் காது பொடிசா வெட்டிப் போட்டு."

"நேத்து?"

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கவேண்டும். அவரும் நிறுத்தியிருக்கவேண்டும். இரண்டு பேருக்கும் அந்தப் புத்தி இல்லை.

"மாவுருண்டை அய்யா. உள்ள ப்ளம்ஸ் பழம் வச்சது. ஒவ்வொரு உருண்டை மேலயும் கட்டைவிரலால ஒரு குழி அமுக்கி, குழியில வெண்ணெய்."

 ஊரில் ப்ளம்ஸ் உருண்டை செய்யாத வீடு கிடையாது. கட்டைவிரலால் குழி அமுக்குகிறவள் ஒருத்திதான். வக்கீல் நேற்று மத்தியானம் நாலு உருண்டை சாப்பிட்டிருப்பார். அதற்கு முந்தின நாள் பட்டாணி. அதற்கும் முந்தின நாள் கோஸ்.

"வேற கேள்வி இருக்கா மாப்ளே?" என்றார் ஹார்னிஷ்.

"இல்ல," என்று சொல்லி உட்கார்ந்தார். சபையில் அத்தனை பேரும் அவர் என்னைப் புளுகன் ஆக்குவார் என்று காத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் நான் சொன்னது எல்லாம் உண்மையாகிவிட்டது.

அரைமணி நேரத்தில் தீர்ப்பு எழுதி முடித்தார்கள். அதை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. போனபோது வக்கீல் அடுக்களை வாசலில் டோப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் தலையை நான் அன்றுதான் பார்த்தேன். சிபில்லா அடுப்பின் முன்னால் பயறு கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை. சேவகன் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறதாக எங்கள் ஊரில் கணக்கில்லை.

"ரெண்டு சட்டி வச்சியா, ஒரு சட்டி வச்சியா?"

"ஒரு சட்டிதான். பாதி உங்களுக்கு, பாதி வேலிக்கு அந்தப்பக்கம்."

"உங்க அண்ணன் ஏன் அனுப்பச் சொன்னாருன்னு தெரியாம செஞ்சியா?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன். காய்ச்சு முறை வீட்டுல பொறந்தவளுக்கு அடுப்பு விதி தெரியாதா? முறை எனக்கு, வீடு உனக்குத் திரும்பி வந்துரும்னாரு. சரின்னேன்."

"ஒரு வருஷம், சிபில்லா. தெனமும் என் முன்னால தட்டை வச்சுக்கிட்டு."

"ஒரு வருஷமும் ஒரு நாளும். நீங்க எழுதுனதுதான."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் சொல்லணுமா! அன்னைக்கு மேசையில நாலு பேரு இருந்தீங்க. நீங்க, எங்க அண்ணன், குமாஸ்தா, இந்தா நிக்கானே, இவன். நான் பக்கத்துல நின்னு கேக்கு வெட்டிக்கிட்டு இருந்தேன். எங்க அப்பா வீட்டை என் காதுபடவே எழுதிக் குடுத்தீங்க. என்ன எழுத்துன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாங்க. நீங்க வாயைத் தொறக்கல."

"சட்டப்படி காப்பாளர் சம்மதிச்சா..."

"சட்டம் எனக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமா உங்ககூடத்தான படுக்கேன்."

"எனக்குன்னா கேட்டேன்? புள்ளைகளுக்குலா குடுத்தேன். எழுதத் தெரியாம பொம்பளைக ஏமாந்து போறதைப் பாத்துப் பாத்து..."

"எனக்கு எழுதத் தெரியும். உங்களைவிட என் எழுத்து நல்லா இருக்கும். அதுக்கென்ன ஆச்சு?"

 பயறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் நகர்ந்துபோய்ச் சட்டியை இறக்கி வைத்தேன்.

வக்கீல், "அந்தப் புள்ளைக உனக்கு என்ன செஞ்சுது?" என்றார்.

அது அவளுக்குப் பட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். விதியின் கடைசி வரி அதில் இருந்தது. செத்த முறை பிழைக்கவேண்டுமானால் அந்த வீட்டில் பிறந்தவர் யாராவது அங்கேயே குடியிருந்து, ஒரு வருஷமும் ஒரு நாளும் தினமும் அடுப்பு மூட்டவேண்டும். அப்படி மூட்டுகிறவரை முறை அடுத்த வீட்டுக்குப் போகாமல் நிற்கும். உயிரோடு இருப்பவர்களில் அந்த வீட்டில் பிறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேயர்.

"நான் போறேன்," என்றாள். "புள்ளைகளுக்காகப் போறேன், எங்க அப்பா வீட்டுக்காகப் போறேன். உங்களுக்காகப் போறேன்னு நெனைச்சுக்கிடாதீங்க."

எங்கள் பக்கத்தில் வீடு மாறினால் பழைய அடுப்பிலிருந்து கங்கு எடுத்துப்போவார்கள். அவள் எடுக்கவில்லை. சிக்கிமுக்கிக் கல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். கட்டிலை நானும் தச்சனும் தூக்கிப்போனோம். வக்கீல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கட்டில் இடிக்காமல் இருக்க.

அந்த வருஷம் பீப்பாய்க்காரர் தெருவில் இரண்டு புகை வந்தது. கீழே பிள்ளைகள் சிலேட்டில் கிறுக்கும், மேலே சிபில்லா குடியிருந்தாள். முறை இல்லாத வருஷம் என்பதால் டொரோதேயாவுக்குச் சம்பளம் இல்லை. மூன்று வேளைச் சோறும் விறகும் சிபில்லா பார்த்துக்கொண்டாள். வக்கீல் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டார். அங்கே கரண்டியைத் தட்டுக்கு இணையாக நேராக்கி வைத்துவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கடைக்காரன் சொன்னான். ஒரு தடவை பீப்பாய்க்காரர் தெருவில் வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவள் மாடியிலிருந்து இறங்கவில்லை.

மேயர் மட்டும் ஒருநாள் இறங்கவைத்தார். நான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி சிபில்லா! என்ன காரியம் பண்ணுத நீ? வீடு உனக்கு, முறை எனக்குன்னு பேசினோமா இல்லையா?"

"பேசினோம் அண்ணே. வீடு எனக்கு வந்தாச்சு. வீட்டுல அடுப்பெரிஞ்சா முறை தானா வந்துருது. நான் என்ன செய்ய?"

"சொன்ன சொல்லைப் பச்சத் தண்ணியாக் குடிச்சிட்டியே! நான் உன்னைய நம்பினேன்டி."

"நானும்தான் நம்பினேன். மணலைத் தூவுற வரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஹார்னிஷ் என் பக்கம் திரும்பி, "நீ என்னவே பாக்கே?" என்றார். விறகைப் பார்க்கிறேன் என்றேன்.

ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆயிற்று. முறை பிழைத்தது. அதற்காகச் சில நாள் தள்ளிவைத்த வில்லை எடுப்பில் நாற்பத்தொன்றாவது வில்லை தொப்பிக்குள் போனது. வக்கீல் புதுப் பத்திரம் எழுதிக்கொண்டு சபைக்கு வந்தார். டோப்பாவுக்கு மாவு புதிதாகப் போட்டிருந்தார். லெபரெக்ட் மைவால்ட் கொடுத்த பள்ளி என்று ஓக் மரத்தில் செதுக்கிய பலகையைத் தச்சன் வெளியே சுவரில் சாத்தி வைத்திருந்தான். பிள்ளைகள் பாடுவதற்காக வரிசையில் நின்றன.

குமாஸ்தா வாசித்து முடித்தார். காப்பாளர் என்றதும் ஹார்னிஷ் எழுந்தார்.

"அவரு வேண்டாம்," என்றாள் சிபில்லா. "எனக்குக் காப்பாளர் டோபியாஸ்."

சபை இரைந்தது. "இவனா! வாயைத் தொறந்தா புளுகு!" என்று கத்தினார் ஹார்னிஷ்.

"புளுகுவான். எனக்குப் பதிலாப் பேசமாட்டான்."

எல்லாரும் வக்கீலைப் பார்த்தார்கள். ஊர்க்குடிமகனாக இருக்கிற ஆண் யாராக இருந்தாலும் காப்பாளர் ஆகலாம் என்று அவர் சொன்னார். விதி அப்படித்தான் இருந்தது. நான் மைக்கூட்டைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப்பக்கம் நின்றது அது ஒரு தடவைதான்.

"காப்பாளரே, உம்ம பொறுப்புல இருக்கிற அம்மா சார்புல இந்தத் தானத்துக்குச் சம்மதமா?" என்றார் குமாஸ்தா.

இந்தக் கேள்வியை நான் நூற்றுக்கணக்கான தடவை காதால் கேட்டிருக்கிறேன். குமாஸ்தா முடிப்பதற்குள் சம்மதம் என்று பதில் வந்துவிடும். பெண்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.  திரும்பி அவளைப் பார்த்தேன்.

"நீங்க என்ன சொல்லுதீங்க அம்மா?"

வக்கீலும் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் பயமில்லை. அவள் அந்த ஒரு வருஷம் அடுப்பு மூட்டியதை, தன்னை மன்னித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம் இல்ல," என்றாள் சிபில்லா.

வெளியே ஒரு பிள்ளை இருமியது கேட்டது.

"புள்ளைக கீழ படிக்கட்டும். நான் இருக்கிறவரைக்கும் யாரும் அதுகளை எழுப்ப முடியாது. பீரை நானே காய்ச்சுவேன். வாத்தியாரம்மா சம்பளத்தை நான் குடுப்பேன். எனக்குப் பொறவு என்னங்கிறதை நானே உக்காந்து எழுதுவேன். ஆனா வீட்டைக் குடுக்கல. யாரு கையிலயும் குடுக்கல."

குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு வக்கீலைப் பார்த்தார். "அவ சொன்னபடி எழுதும்," என்றார் வக்கீல். ஹார்னிஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். பாடுவதா வேண்டாமா என்று கேட்ட பிள்ளைகளை டொரோதேயா வகுப்புக்குக் கூட்டிப்போனாள். சிபில்லா அவர்கள் பின்னால் போனாள். பலகையைத் தச்சன் தோளில் தூக்கிக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை.

நானும் வக்கீலும் கடைசியாகப் படி இறங்கினோம். பாதிப் படியில் அவர் நின்றார்.

"டோபியாஸ், நீரு அவளைக் கேக்காம சம்மதம்னு சொல்லியிருந்தா அது செல்லுமா, செல்லாதா?"

"நீங்கதான் அய்யா வக்கீல்."

"செல்லும்," என்றார். "இந்த ஊருல எல்லாம் அப்படித்தான் செல்லுச்சு. நான்தான் எழுதி வச்சேன்." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருமா சேந்து ஒரே சட்டியில எனக்கும் ஊத்துனாங்கவே."

அண்ணனும் தங்கையுமா, அவளும் நானுமா, எந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை.

மத்தியான மணி அடித்தது. அவர் பீப்பாய்க்காரர் தெரு முனைவரை போய் நின்றார். அரைமணி நேரம் அசையாமல் நின்றார், ஒரு புறா அவர் டோப்பாமேல் உட்கார்ந்து எழுந்து போனது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நின்றார். பிறகு சாப்பாட்டுக் கடைப்பக்கம் திரும்பிப் போனார்.